டோக்கனை யார் பிடித்துக் கொண்டது?

போடிநாயக்கனூரிலும் மலைமேல் புற்றடியிலும் ஏலக்காய் ஏலமே இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. வரிக் கணக்கு மட்டும் பேரேட்டிலா இருக்கும்? கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் ஜிஎஸ்டி கணக்கில் டிஜிட்டல் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து, விரல் நீள யுஎஸ்பி டோக்கனில் இருக்கிறது.

லினக்ஸ் மடிக்கணினிக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் வைத்து, அதற்குள் விண்டோஸைக் குடியமர்த்திக் கணக்கெழுதும் சகோதரிகள் உண்டு. தேதியோ 20, கடைசி நாள். டோக்கனைச் செருகினால் உள்ளே விண்டோஸுக்குத் தெரியவே இல்லை!

டோக்கன் கெட்டுப்போகவில்லை, அம்மா. வெளியே இருக்கும் லினக்ஸ் அதைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. ஒரு சமயத்தில் ஒருவரிடம்தான் அது இருக்கும்.

லினக்ஸில் உங்கள் பயனர் பெயரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். (பலர் மறப்பது இதைத்தான்!) பிறகு விண்டோஸ் ஓடும் ஜன்னலின் மேலே 'டிவைசஸ்', அதில் 'யுஎஸ்பி', டோக்கனின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். டோக்கனுக்குரிய டிரைவரை மட்டும் விண்டோஸுக்குள்ளேதான் நிறுவ வேண்டும். மாதாமாதம் தேடச் சலிப்பாக இருந்தால், யுஎஸ்பி அமைப்பில் அதன் பெயரில் ஒரு ஃபில்டர் போட்டு வையுங்கள். செருகியதும் தானே உள்ளே போய்விடும்.

பென்டிரைவ் விஷயத்தில் அவசரம் கூடாது. விண்டோஸில் 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால், எழுதிய கணக்கு பாதியில் அறுந்து போகலாம்.