யாருக்காக அந்த ஊசி?

மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2009 ஜூன் மாதக் கடைசி. அவரைப் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்ட எங்கள் தெரு அண்ணன்கள், அவர் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். டீக்கடையில் ஒருவர், "போதை ஊசி போட்டே செத்துட்டானாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வழக்கின் விவரங்களைப் படித்த பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரிந்தது. அவரைக் கொன்றது தெருவில் விற்கும் போதைப்பொருள் அல்ல. அறுவை சிகிச்சை அரங்கில் பயன்படுத்தும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து. அதை அவர் வீட்டுப் படுக்கையறையில், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மருத்துவர் ஒருவர் கொடுத்தார்.

புரோபோஃபால் பால் போல வெள்ளையாக இருக்கும். நரம்பில் ஏறியதும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். அளவு சற்றுக் கூடினால் மூச்சு நின்றுவிடும். இதன் விளைவை முறிக்க மாற்று மருந்து கிடையாது. அதனால்தான் ஆக்சிஜன், மூச்சுக்குழாய்க் கருவிகள், அலாரம் அடிக்கும் கண்காணிப்புக் கருவிகள் இவற்றோடு, நோயாளியைவிட்டுக் கண்ணை எடுக்காத பயிற்சி பெற்ற ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நோயாளி தன் மூச்சை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறார்.

கான்ராட் மர்ரே மயக்கவியல் மருத்துவர் அல்லர், இதய மருத்துவர். தூக்கம் வராமல் தவித்த ஜாக்சனுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களாக, அநேகமாக ஒவ்வொரு இரவும் இந்த மருந்தைக் கொடுத்துவந்ததாக அவரே காவல்துறையிடம் சொன்னார். கடைசி நாளில் லோரசெபாம், மிடசோலம் போன்ற தூக்க மருந்துகளுக்கு மேல் இதையும் ஏற்றினார். ஓசை எழுப்பும் அலாரம் இல்லை. சிகிச்சைக் குறிப்பேடு இல்லை. பிறகு அறையைவிட்டு வெளியே போனார். நிலைமை கைமீறியதும், பகல் 12:12க்கு அவர் அழைத்தது ஆம்புலன்சை அல்ல, ஜாக்சனின் உதவியாளரை. 911க்கு அழைப்பு போனபோது 12:20 தாண்டிவிட்டது. வந்த மருத்துவப் பணியாளர்களிடமும் மருத்துவமனை மருத்துவர்களிடமும் புரோபோஃபால் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 2011 நவம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. நான்கு ஆண்டு தண்டனை. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் வெளியே வந்தார்.

"அவரேதான் கேட்டார், அவரேதான் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்" என்பது மர்ரே தரப்பின் வாதம். அப்படியே இருந்தாலும், அரைமயக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டும்படி அந்த மருந்தை விட்டுப் போனது யார்? கேட்டதைக் கொடுப்பதற்கு மருத்துவர் எதற்கு, கடைக்காரர் போதுமே. மறுக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் படிப்பும் பட்டமும்.

மர்ரேயால் ஏன் மறுக்க முடியவில்லை? மாதம் 1,50,000 டாலர் சம்பளம் பேசப்பட்டிருந்தது. அவருக்கோ கடன். லண்டனில் 50 நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டிருந்தன. ஜாக்சன் தூங்க வேண்டும். எழுந்து ஒத்திகைக்குப் போக வேண்டும். அந்தத் தூக்கம் யாருக்குத் தேவைப்பட்டது? நோயாளிக்கா, மேடைக்கா? மர்ரேயும் கறுப்பினத்தவர்தான். அவருடைய கடன் அவரைப் புரிந்துகொள்ள உதவும், மன்னிக்க உதவாது.

இது பணக்காரர் வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 ஆகஸ்ட் 24 இரவு, கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில், எலைஜா மெக்லெய்ன் என்ற 23 வயது கறுப்பின இளைஞர் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார். எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆள் பார்க்கச் சந்தேகமாக இருக்கிறார் என்று யாரோ போன் செய்ததே காரணம். காவலர்கள் கழுத்தை நெரித்துப் பிடித்தார்கள், விலங்கு மாட்டினார்கள். பிறகு வந்த ஆம்புலன்ஸ் பணியாளர்கள் 500 மில்லிகிராம் கெட்டமைன் ஊசி போட்டார்கள். அவருடைய எடைக்கு, அவர்களின் விதிப்படியே, 325 மில்லிகிராம்தான் வரும். சில நாட்களில் அவர் இறந்தார். அந்தப் பணியாளர்கள் இருவரும் குற்றவாளிகள் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பானது.

அவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் அந்த ஊசியை அவர்கள் கையில் கொடுத்த விதிமுறை, மருத்துவர்களின் ஒப்புதலோடு இயங்கியது. 'எக்சைட்டட் டெலிரியம்' என்று ஒரு பெயர். ஆள் வெறிபிடித்துக் கட்டுக்கடங்காமல் இருக்கிறார் என்று பொருள். அமெரிக்காவில் காவலர்களின் பிடியில் இறந்த எத்தனையோ கறுப்பின மக்களின் சாவுக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. இதை ஆதரித்து 2009இல் அறிக்கை வெளியிட்ட அமெரிக்க அவசரநிலை மருத்துவர்களின் அமைப்பு, 2023இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. மூச்சுக்காகத் திணறுகிறவரை வெறியர் என்று எழுத, படித்தவர் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த வேலை நமக்குப் பழக்கமானதுதான்.

ஒருவர் உலகப் புகழ் பெற்றவர். இன்னொருவர் பேர் தெரியாத இளைஞர். ஒருவர் மருந்தைக் கேட்டார். இன்னொருவரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஊசி போட்டவர்கள் நோயாளிக்கு வேலை செய்யவில்லை. ஓரிடத்தில் சம்பளத்துக்கு, இன்னோரிடத்தில் காவல்துறையின் வசதிக்கு.

மருத்துவமனைக்கு வெளியே மயக்க மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. விபத்தில் கால் நசுங்கியவருக்கு ஆம்புலன்சிலும், இறுதிக் கட்டப் புற்றுநோயாளிக்கு வீட்டிலும் அது பெரிய கருணை. ஆனால் இடம் மாறும்போது பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. அங்கே ஓடிவர இன்னொரு மருத்துவர் இல்லை. எனவே எடை பார்த்து அளவு, கண்ணெதிரே கண்காணிப்பு, எழுத்தில் பதிவு, தவறினால் உடனே உண்மையைச் சொல்லும் துணிவு. இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் மருந்துப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

இதை வாசிப்பவர்களில், குடும்பத்திலேயே முதல் ஆளாக மருத்துவம் படிக்கும் தோழர்களும் இருப்பீர்கள். நாளை உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரோ சீருடை அணிந்தவரோ ஒருவரைத் தூங்கவைக்கச் சொல்லலாம். இந்தத் தூக்கம் யாருக்குத் தேவை என்று அப்போது கேளுங்கள். படுத்திருப்பவருக்கு இல்லையென்றால், ஊசியைக் கீழே வையுங்கள்.