சினிமா மானியம்: நாற்காலியில் உட்காருவது யார்?

தாம்பரம்:
காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கோடம்பாக்கத்தில் இறங்கும் கூட்டத்தில், கையில் பைலோடு சில இளைஞர்களைப் பார்க்கலாம். பம்மல், அனகாபுத்தூர், சேலையூர் பக்கம் குறைஞ்ச வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் உதவி இயக்குநர்கள். பைலில் இருப்பது கதை. தேடுவது தயாரிப்பாளரை.

பெரிய ஹீரோ இல்லாத கதைக்குப் பணம் போட ஆள் கிடைப்பது கஷ்டம். அரசுப் பணம் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் யாருக்கு என்பதை ஒரு குழுதான் முடிவு செய்யும். அந்தக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கு.

நம்ம பணம்

'சினிமாக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?' என்று விட்டுவிட முடியாது. 100 ரூபாய்க்கு மேல் உள்ள டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். உள்ளாட்சிக்குப் போகும் கேளிக்கை வரி தனி. மெப்ஸில் ஷிப்ட் முடிச்சு, பொண்டாட்டி பிள்ளைகளோடு குரோம்பேட்டையில் படம் பார்க்கிறவரும் இதில் பங்கு கொடுக்கிறார். மானியமாகப் போவதும் மக்கள் கட்டிய வரிப்பணம்தான்.

படம் முடிஞ்ச பிறகு

குறைந்த செலவில் எடுத்த தரமான தமிழ்ப் படங்களுக்குத் தலா 7 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் தமிழக அரசு மானியம் கொடுத்து வந்திருக்கு. குழு படத்தைப் பார்த்துத் தேர்வு செய்யும். நல்ல திட்டம்தான். ஆனால் பணம் வருவது படம் முடிஞ்ச பிறகு. நகையை அடகு வச்சு, வட்டிக்கு வாங்கிப் படத்தை முடிக்க முடிஞ்சவருக்குத்தான் அது உதவும். பைலோடு ரயிலில் போகிற பையனுக்கு உதவாது.

தாமதம் இன்னொரு தலைவலி. 2009 முதல் 2014 வரையிலான மாநில சினிமா விருதுகள் 2017 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. கையில் கொடுக்கப்பட்டது 2022 செப்டம்பர் 4-ல், கலைவாணர் அரங்கில். விருது லேட்டானால் வருத்தம். மானியம் லேட்டானால் வட்டி ஏறும்.

பழைய சண்டை

குழு மேல் சந்தேகம் வருவது புதுசு இல்லை. 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும், பெயர் மட்டும் போதாது, குழு பார்த்துச் சொல்லணும் என்றார்கள். 2012-ல் உதயநிதி தயாரித்து நடித்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி'க்கு விலக்கு கிடைக்கலை. இதில் அரசியல் இருக்கு என்று புகார் கிளம்பி, விவகாரம் கோர்ட் வரைக்கும் போச்சு. உதயநிதியால் கோர்ட்டுக்குப் போக முடிஞ்சது. புதுசா வர்ற பையன் எங்கே போவான்?

பக்கத்து மாநிலம்

கேரளாவில் 2019-ல் தொடங்கிய திட்டத்தில் பெண் இயக்குநர்களின் கதைகளை முதலிலேயே வாங்கிப் படித்து, தேர்வானால் 1.5 கோடி ரூபாய் வரை செலவில் அரசின் சினிமா கழகமே படம் எடுக்குது. அப்புறம் எஸ்.சி., எஸ்.டி. இயக்குநர்களுக்கும் இது வந்தது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநாட்டில் மூத்த இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், இந்தத் தொகை அதிகம், இவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்கணும் என்று பேசினார். உடனே பலத்த கண்டனம் எழுந்தது. குழுவில் இப்படி நினைக்கிறவர் உட்கார்ந்தால் ஒரு முடிவு வரும். மாற்றி நினைக்கிறவர் உட்கார்ந்தால் வேற முடிவு வரும்.

பிரான்சில் டிக்கெட்டிலேயே 10.72 சதவீதம் பிடித்து சினிமா நிதியில் போடுகிறார்கள். 1959-ல் வந்த திட்டப்படி, படம் எடுக்கும் முன்பே கதையைப் படித்து முன்பணம் கொடுக்கிறார்கள். படிப்பவர்கள் சினிமாக்காரர்கள். முதல் படம் எடுக்கிறவர்களுக்குத் தனிக் குழு. அதனால் புது ஆள் பெரிய ஆளோடு மோத வேண்டியதில்லை.

முடியாதா என்ன?

கதையை நம்பி முதலிலேயே பணம் போட்டால் பலன் இருக்கு. கே.எஸ்.சேதுமாதவனின் 'மறுபக்கம்' மத்திய அரசின் என்.எப்.டி.சி. தயாரித்த படம். 1990-க்கான தேசிய விருதில் சிறந்த படமாகத் தேர்வானது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். அருண் கார்த்திக்கின் 'நசீர்', கோவை ஜவுளிக்கடை சேல்ஸ்மேன் ஒருவரின் கதை. அதுக்குக் கைகொடுத்தது நெதர்லாந்தின் ரோட்டர்டாம் பட விழா நிதி. நம்ம ஊர் தொழிலாளி கதைக்கு வெளிநாட்டில் கை நீட்ட வேண்டியிருக்கு.

செய்ய வேண்டியது மூணே விஷயம். குழுவில் யார் யார் என்று முன்கூட்டியே பெயரைச் சொல்லணும். சொந்தக்காரர், சிஷ்யர் படம் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போகணும். தேர்வானதுக்கும் தள்ளினதுக்கும் காரணத்தை எழுதிக் கொடுத்து, சொன்ன தேதியில் பணம் போடணும். இதுக்குப் புதுசா பைசா செலவு கிடையாது.

ரேஷன் கடையில் கூட ஸ்டாக் எவ்வளவு என்று போர்டில் எழுதிப் போடுகிறார்கள். கோடம்பாக்கத்துக்கும் ஒரு போர்டு வேணும்.