கோரிக்கை மனு: பேரிடர் காலத்தில் ஹாம் வானொலித் தன்னார்வலர்கள் செய்தி அனுப்ப முன்கூட்டியே ஆணை வழங்கக் கோருதல்

அனுப்புநர்
அமெச்சூர் வானொலித் தன்னார்வலர்கள் சங்கத்தினர்,
உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தலைவர், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம், காஞ்சிபுரம்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், வருவாய்க் கோட்டாட்சியர், காஞ்சிபுரம், வட்டாட்சியர், உத்திரமேரூர்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன், அவசரச் செய்திகளை அமெச்சூர் வானொலி வழியே அனுப்ப வட்ட அளவிலான அலுவலர்களுக்கு அதிகாரம் அளித்தல், அது தொடர்பான ஏற்பாடுகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நாங்கள் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்ற ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள். எங்களில் விவசாயி உண்டு, எலக்ட்ரீஷியன் உண்டு, பள்ளி ஆசிரியர் உண்டு, கல்லூரி மாணவரும் உண்டு. செட், ஆண்டெனா, பேட்டரி எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை. சம்பளமோ பயணப்படியோ கேட்டு இந்த மனுவைக் கொண்டுவரவில்லை. நாங்கள் கேட்பது முதன்மையாக ஒரு கையெழுத்து.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் இம்மாவட்டம் பார்த்திருக்கிறது. எங்கள் வட்டத்துக்கு 2021 நவம்பர்தான் மறக்க முடியாத மாதம். பாலாற்றில் பல ஆண்டுகள் காணாத தண்ணீர் வந்தது. செய்யாறும் பெருகி, வெங்கச்சேரி தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியதால் காஞ்சிபுரம் சாலையில் போக்குவரத்து நின்றது. மின்சாரம் போனால் செல்பேசிக் கோபுரம் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு டீசலில் ஓடும். பாதை அறுந்துவிட்டால் டீசலும் வராது. 1077 என்ற கட்டுப்பாட்டு அறை எண் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தாலும், சிக்னல் இல்லாத போனில் அதை அழுத்திப் பயனில்லை. காவல்துறை வயர்லெஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த நேரத்தில் அது காவல் பணிக்கே போதாது.

இனி எங்கள் கோரிக்கையின் மையத்துக்கு வருகிறோம். அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர் சாதாரண நாளில் பிறருக்காகச் செய்தி அனுப்பக் கூடாது. 1978ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளின்படி, வழக்கமான தொடர்பு அற்றுப்போன இயற்கைப் பேரிடரில் மட்டும் அனுப்பலாம். அப்போதும் அந்தச் செய்தி மாவட்ட ஆட்சியரிடமிருந்தோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமிருந்தோ புறப்பட்டு, அத்தகைய அலுவலருக்கே போய்ச் சேர வேண்டும். நல்ல விதிதான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் சாலவாக்கத்திலோ பெருநகரிலோ வெள்ளம் சூழ்ந்த இரவில், தங்களை எட்ட வழி இல்லாதபோதுதான் எங்கள் செட் தேவைப்படும். அந்த நேரத்தில் தங்களிடம் அனுமதி வாங்குவது எப்படி? அதிகாரம் பெற்ற அலுவலர் யார் என்பது மழைக்கு முன்பே எழுத்தில் இருந்தால்தான் இந்த விதி உயிர்பெறும்.

ஆகவே உத்திரமேரூர் வட்டாட்சியர், மண்டலத் துணை வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், குறுவட்ட வருவாய் ஆய்வாளர்கள் ஆகியோரைப் பதவி குறிப்பிட்டு அதிகாரம் பெற்ற அலுவலர்களாக அறிவித்து, தாங்கள் ஒரு செயல்முறை ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை ஆண்டுதோறும் குடவோலை வழியே தேர்ந்தெடுத்த முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. கரை உடைந்த பிறகு ஆள் தேடவில்லை, முன்பே ஆளை நியமித்தார்கள். அதையே நாங்களும் கேட்கிறோம்.

முன்னேற்பாடு எவ்வளவு பெரிது என்பதற்கு 2004 சுனாமியே சான்று. அந்த டிசம்பரில் ஐதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, முறையான அனுமதியுடன் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து உலக ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி அலை அடித்தது. உரிமம் கையில் இருந்தது, ஆண்டெனா ஏற்கெனவே மேலே இருந்தது. அதனால் அன்றே அந்தமானின் செய்திகளை வெளியே அனுப்ப முடிந்தது. இலங்கையிலும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே ஹாம்கள்தாம் சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

எங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். கையில் பிடிக்கும் 5 வாட் செட் தரைமட்டத்தில் சில கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. உத்திரமேரூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆட்சியர் அலுவலகத்தை வி.எச்.எப். அலைவரிசையில் எட்ட, இரு பக்கமும் உயரமான ஆண்டெனா வேண்டும். அதுவும் முடியாதபோது 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையில், 66 அடிக் கம்பியைத் தாழக் கட்டிப் பேசினால், அலை நேர் மேலே போய்த் திரும்பி மாவட்டம் முழுவதும் இறங்கும். ஏரிக்கரையில் இரண்டு பனைமரங்களுக்கு இடையே கம்பி கட்டி, டிராக்டர் பேட்டரியில் இதைப் பலமுறை பயிற்சி செய்திருக்கிறோம்.

அப்படி ஒரு பயிற்சியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மானாம்பதியிலிருந்து பேசியவர் "ஐம்பது பேருக்குச் சாப்பாடு" என்றார். இரைச்சலில் இந்தப் பக்கம் எழுதியவர் "எண்பது" என்று குறித்துக்கொண்டார். நிஜ வெள்ளமாக இருந்து, தவறு எதிர்த் திசையில் நடந்திருந்தால், முப்பது பேர் பட்டினி கிடந்திருப்பார்கள். அன்று முதல் எண்களைத் தனித்தனியாக, "ஐந்து, சுழியம்" என்றே சொல்கிறோம். கேட்டவர் திருப்பிப் படித்த பிறகுதான் செய்தி முடிந்ததாகக் கணக்கு. செய்தி எழுதும் ஒவ்வொரு தாளிலும் வரிசை எண், நேரம், அனுப்பும் அலுவலர், பெறும் அலுவலர் இருக்கும். எங்கள் பேச்சு மறைகுறியில் இருக்கக் கூடாது என்பது சட்டம், யாரும் கேட்கலாம். ஆகவே நோயாளியின் பெயரைச் சொல்ல மாட்டோம்; "எட்டு மாதக் கர்ப்பிணி, படகு தேவை" என்பது போதும்.

ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையிலும் உத்திரமேரூர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆண்டெனா நிறுத்த மொட்டை மாடியில் ஒரு குழாய்க்கம்பம், ஒரு மேசை, பேட்டரிக்கு மின் இணைப்பு வேண்டும். கருவி எங்களுடையது. உயரமான அரசுக் கட்டடம் ஒன்றில், செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் அமைக்கத் தடையின்மைச் சான்றும், அதற்கான தனி உரிமத்துக்குத் தங்கள் பரிந்துரையும் கிடைத்தால், கையடக்க செட்டே வட்டம் முழுக்கப் பேசும்.

அடையாள அட்டை இன்னொரு தேவை. எங்கள் உறுப்பினர் ஒருவர் வாக்கி டாக்கியுடன் போனதற்காக ஒரு சோதனைச் சாவடியில் வெகுநேரம் உட்காரவைக்கப்பட்டார். உரிமத்தைக் காட்டியும் அங்கிருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. இம்மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் நினைவிடம் கொண்ட முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் அழைப்புக் குறி பெற்ற ஹாம்தான். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் காவல் நிலையங்களுக்கு அனுப்பி, தங்கள் கையொப்பத்துடன் அட்டை வழங்க வேண்டுகிறோம். வெள்ள நேரத்தில் சாவடியில் இழக்கும் ஒரு மணி நேரம் பெரிது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 30, தகவல் தொடர்பு சீராக இருப்பதையும் ஒத்திகைகள் அவ்வப்போது நடப்பதையும் உறுதிசெய்யும் பொறுப்பை மாவட்ட ஆணையத்துக்கே தந்துள்ளது. அடுத்த ஒத்திகையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு மணி நேரம் செல்பேசியே இல்லை என்று வைத்துக்கொண்டு எங்களைச் சோதித்துப் பாருங்கள். 12 வயது நிரம்பியவர் அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வை எழுதலாம், தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடு வேண்டியதில்லை. வட்டத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வாரம் ஒரு வகுப்பு நடத்தவும் இசைவு தந்தால், கற்றுக்கொடுக்க நாங்கள் தயார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆணை செப்டம்பருக்குள் கைக்கு வந்தால், கம்பம் நடவும் ஒத்திகை பார்க்கவும் நாள் இருக்கும். மற்றவை தாமதமானாலும், அலுவலர்களுக்கு அதிகாரம் அளிக்கும் அந்த ஓர் ஆணையை இந்த மழைக்கு முன் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலித் தன்னார்வலர்கள் சங்கத்தினர்,
உத்திரமேரூர்.

இணைப்பு: உறுப்பினர்களின் உரிம நகல்கள், செய்தித் தாள் மாதிரி.