அந்த யூரியாச் சாக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்



நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறோம். முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை ஊரின் கடற்கரைப் பக்கத்து வளவொன்றில் மலசலகூடக் குழி தோண்டும்போது எலும்புகள் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். காலை ஒன்பது மணிக்குக் கண்டார்கள். பத்து மணிக்குள் அறுபது பேர் கூடிவிட்டோம். ஒருவர் மண்டையோட்டைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் படம் எடுத்தார். ஒருவர் ஹோஸ் பைப்பால் கழுவினார். மண்ணோடு வந்த துணித்துண்டுகளைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினோம். மிச்சத்தை ஒரு யூரியாச் சாக்கில் அள்ளிக் கட்டி, லுஹருக்கு முன் மையவாடியில் அடக்கிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். பொலிஸ் வந்தபோது பன்னிரண்டரை. அதுவும் நாம் சொல்லி அல்ல. வாட்ஸ்அப்பில் படத்தைக் கண்ட வேறு ஊர்க்காரர் ஒருவர் சொல்லி.

கொளுத்தினோம், அள்ளினோம் என்றே எழுதுகிறோம். அங்கே நின்றவர்களில் ஆசிரியர்களும் இருந்தோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு ஒரு மூத்தம்மா பாடசாலை வாசலில் வந்து நின்றார். 1990இல் நெல் வாங்க சைக்கிளில் போன கணவர் திரும்பி வரவில்லை. உயிரா மையித்தா என்று ஒருவரும் சொல்லாததால், இத்தா இருப்பதா இல்லையா என்று தெரியாமலே கிழவியாகிவிட்ட பெண். அவர் கேட்டது ஒன்றுதான்: "மகன், சாரன் துண்டு ஏதும் கிடந்ததா? என்ன நிறம்?"

என்ன பதில் சொல்வது? துணி கிடந்தது, கொளுத்திவிட்டோம் என்றா? அது அவருடைய கணவராக இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்று சொல்லக்கூட இப்போது நம்மிடம் எதுவும் இல்லை.

"மையித்தின் கண்ணியத்துக்காகத்தான் செய்தோம்" என்கிறார்கள். மையித்தின் எலும்புக்கும் உயிரோடிருப்பவரின் எலும்புக்குரிய கண்ணியம் உண்டு என்பது நபிவழி, சரி. அதனால்தான் 2020இல் நமது ஜனாஸாக்களை எரித்தபோது நாடே கேட்க அழுதோம். ஆனால் பெயர் தெரியாத ஒருவரை, எப்படி மரணித்தார் என்று தெரியாமல், சாக்கில் கட்டி அவசரமாகப் புதைப்பது எந்தக் கண்ணியம்? கொலை செய்யப்பட்டவர் என்றால், கொன்றவர் செய்ய நினைத்த வேலையை நாம் முடித்துக் கொடுக்கிறோம். அடக்கம் எங்கும் ஓடிப்போகாது. விசாரணை முடிந்த பின்னும் தொழுது அடக்கலாம்.

இன்னொன்று. நமது கபுறில் மையித்தை வலப்பக்கமாக, கிப்லாவை நோக்கி வைப்போம். இந்த நாட்டில் கிப்லா ஏறத்தாழ மேற்கு. ஆகவே தலை வடக்கே இருக்கும். எலும்பு கிடந்தபடியே கிடந்திருந்தால், இது பழைய கபுறா அல்லது யாரையோ குழியில் தள்ளி மூடியதா என்பதற்கு அதுவே முதல் தடயம். கை பின்னால் கட்டியிருந்ததா, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் பொத்தானா தோட்டாவா, எல்லாம் அந்த மண்ணில்தான் எழுதியிருக்கும். சாக்கில் அள்ளிய எலும்புக்குத் தெற்கும் இல்லை வடக்கும் இல்லை.

நமது கரையில் 2004 சுனாமியில் அவசர அவசரமாகக் குழி தோண்டி அடக்கியவர்களும் இருக்கிறார்கள். தொண்ணூறாம் ஆண்டு காணாமல்போனவர்களும் இருக்கிறார்கள். குர்பான் மாட்டின் எலும்பும் உண்டு. எது எது என்று டீக்கடையில் தீர்ப்பளிக்க முடியாது. சிறு பிள்ளைகளின் எலும்பில் நுனிகள் இன்னும் பொருந்தியிருக்காது. பார்த்தால் மனித எலும்பு போலவே தெரியாது. "ஆட்டெலும்புதான், வீசு" என்று ஒரு குழந்தையை வீசிவிடக்கூடும் நாம்.

மன்னாரில் 2018இல் நடந்தது ஞாபகமா? சதொச கட்டட வளவில் தோண்டிய மண் விற்கப்பட்டு வேறு இடத்துக்குப் போன பின்புதான் அதில் எலும்பு இருப்பது தெரிந்தது. பிறகு அந்த வளவில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். மாறாக, கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் புதைக்கத் தோண்டியவர்கள் எலும்போடு உடுப்பையும் கண்டார்கள். நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தபோது 52 எலும்புக்கூடுகளோடு அடையாள இலக்கத் தகடுகளும் கிடைத்தன. செம்மணியில் ஒரு பிள்ளையின் புத்தகப்பை வந்தது. 2025 ஓகஸ்டில் அங்கே எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் காட்சிக்கு வைத்து, காணாமல்போனோரின் குடும்பங்களை வந்து பார்க்கச் சொன்னார்கள். நமது மூத்தம்மா பார்க்க வேண்டியதை நாம் நெருப்பில் போட்டோம்.

செம்மணி என்றதும் "அது அவங்கட பிரச்சினை" என்று கமெண்ட் வரும், தெரியும். ஒவ்வொரு ஜூலையிலும் நாம் குருக்கள்மடத்தைப் பற்றிப் பதிவு போடுகிறோம். 1990 ஜூலை 12இல் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த நம்மவர்களைப் புலிகள் வழிமறித்துக் கொண்டுபோனார்கள். ஹஜ் முடித்துத் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். நமது ஜனாஸாவைத் தோண்டித் தா என்று கேட்கிற நாம், நமது வளவில் கிடக்கும் எலும்பு தமிழ்த் தாயொருத்தியின் பிள்ளையாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா?

"பொலிஸுக்குச் சொல்லி என்ன நடந்தது? குருக்கள்மடம் 2014இல் நீதிமன்றம் வரை போயும் தோண்டவில்லையே" என்பதுதான் கொஞ்சம் நியாயமான கேள்வி. உண்மை, நமக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் இழுத்தடித்தால் நாளைக்காவது கேட்கலாம். நாம் கலைத்ததை யாரிடம் கேட்பது? வளவுக்காரர் வேலை நிற்கும் என்று பயந்தார். நிற்கும்தான். அவருக்கு ஊர் சேர்ந்து உதவலாமே, பள்ளிவாசலில் காசு சேர்க்க நமக்குத் தெரியாதா?

இனி எலும்பு கண்டால் மண்வெட்டியை அந்த இடத்திலேயே வையுங்கள். எதையும் தூக்காதீர்கள், கழுவாதீர்கள், மீண்டும் மூடவும் வேண்டாம். கயிறு கட்டி ஆட்களையும் நாய்களையும் தூர வையுங்கள். 119க்கு அல்லது பக்கத்துப் பொலிஸுக்கு, கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். இப்படி ஒரு சடலம் கிடந்தால் அறிவிக்க வேண்டியது 1979இன் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி நமது கடமையும்கூட. நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் வரும்வரை ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் காவல் நிற்கட்டும். எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொலிஸ் அசட்டை செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் எழுதலாம். படம் வேண்டுமென்றால் தூர நின்று ஒன்று எடுத்து அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். ஒரு தாயின் பிள்ளையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தொங்கவிடாதீர்கள்.

நேற்று எட்டாம் வகுப்பில் இதைப் பேசினோம். பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை கொம்பாஸ் பெட்டியைத் திறந்து, அந்தக் குழியில் பொறுக்கிய பொத்தான் ஒன்றை மேசையில் வைத்தது. இன்னும் சில வீடுகளில் சில சாமான்கள் இருக்கின்றன என்றும் சொன்னது.

அந்தப் பொத்தானை வியாழன் அஸருக்குப் பிறகு பொலிஸில் ஒப்படைக்கப் போகிறோம். உங்களிடம் ஏதும் இருந்தால் பாடசாலை வாசலுக்குக் கொண்டு வாருங்கள், யார் எடுத்தது என்று ஊரில் பேச மாட்டோம். கழுவ வேண்டாம். ஷொப்பிங் பையில் போடாமல் கடதாசியில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.