டாலர் ஏறினா யாருக்கு யோகம்?

ரூபா விழுந்தா ஏற்றுமதிக்காரருக்குக் கொண்டாட்டம்னு ஒவ்வொரு தடவையும் டிவியில சொல்றாங்க. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எட்டிப் பார்க்காதவங்க போடுற கணக்கு அது.

2013 ஆகஸ்ட் 28-ல ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டிச்சு. வருஷ ஆரம்பத்துல 55-க்குப் பக்கத்துலதான் இருந்தது. அப்போ ஷூ கம்பெனிக்கு டாலருக்கு 13 ரூபா லாபமா? இல்லீங்க. வாங்குற வெளிநாட்டுக்காரரும் பேப்பர் படிக்கிறார். "உன் ரூபா விழுந்துடுச்சே, விலையைக் குறை"ன்னு கேட்பார். இறக்குமதி பண்ற தோலுக்கும் கெமிக்கலுக்கும் டாலர்லதான் காசு கட்டணும். பழைய ரேட்டுக்கே பேங்க்ல டாலரை முன்கூட்டி வித்தவருக்கு ஏறினதுல பங்கே இல்ல.

போட்டிக்காரர் காசும் சும்மா இருக்காது. 1997-ல தாய்லாந்து பாட் விழுந்தது. பின்னாலயே இந்தோனேசியா ரூபியா, டாலருக்கு 2,400 சொச்சத்துல இருந்து ஆறே மாசத்துல 10,000-ஐத் தாண்டிச்சு. நம்ம ரூபா 36-ல இருந்து 39, 40-க்குத்தான் நகர்ந்தது. அவங்க சரக்கு கொள்ளை மலிவாச்சு. ஆனா அவங்களும் ஜெயிக்கல. அவங்க பேங்க் கொடுத்த கடன் உறுதிக் கடிதத்தை வெளிநாட்டு பேங்குகள் நம்பல, மூலப்பொருள் வாங்க வழியில்ல. டாலர்ல கடன் வாங்கி முதல் போட்டவங்க மூழ்கினாங்க.

அப்போ நம்ம தோலு எதுல மலிவு? இதைத்தான் யாரும் பேசுறதில்ல. தோல் கெடாம இருக்கப் போட்ட உப்பும், பதனிடப் போட்ட குரோமும் பாலாத்துக்கு வந்துச்சு. சுத்தம் பண்ற செலவை மிச்சம் பிடிச்சு, அதை வெளிநாட்டுக்காரருக்குத் தள்ளுபடியா கொடுத்தாங்க. அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தது எங்க கெணறு.

1996-ல, அதே ஆகஸ்ட் 28-ம் தேதிதான், வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: கெடுத்தவரே செலவைக் கட்டணும். இந்தப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கொஞ்சமாவோ முழுசாவோ பாழாப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. 2025 ஜனவரி 30-ல அதே கோர்ட்டு திரும்பவும் இழப்பீடு கொடு, ஆத்தைச் சரிபண்ணுன்னு சொல்ல வேண்டியிருந்தது. நடுவுல எத்தனை தடவை டாலர் ஏறிச்சு, இறங்குச்சு! ஏறினா "கெமிக்கல் விலை கூடிப்போச்சு", இறங்கினா "போட்டி தாங்கல". தண்ணியைச் சுத்தம் பண்றதுக்கு மட்டும் நல்ல நேரமே பொறக்கல.

கம்பெனியை மூடச் சொல்லல. எங்க வீட்டுப் பொண்ணுங்க பஸ் ஏறிப் போய் ஷூ தைக்கிறாங்க, அந்தச் சம்பளத்துலதான் பாதி அடுப்பு எரியுது. நான் கேட்கிறது ஒண்ணுதான்: தண்ணிக்கான செலவை ஷூ விலையில ஏத்துங்க. வாங்குறவர் கட்டட்டும். ரூபா விழுந்தா ரிசர்வ் பேங்க் கையிருப்பு டாலரை வித்துத் தாங்கிப் பிடிக்கும். உப்பான கெணத்தைத் தாங்கிப் பிடிக்க எந்த பேங்க்கும் கிடையாதுங்க.