மறைக்கத் தகாத பிணி

கொங்கு நாட்டில் ஒரு பெண் பருவமெய்தினால் அச்செய்தி அவ்வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அழைப்புப் பத்திரிகை அச்சாகிறது, மண்டபம் அமர்த்தப்படுகிறது, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளுடன் வந்து சேருகிறார். போத்தனூரிலும் குறிச்சியிலும் வெள்ளலூரிலும் வீதி முனைகளில் அச்சிறுமியின் படம் தாங்கிய பதாகைகள் நிற்பதை எவரும் காணலாம். இவ்வழக்கம் தகுமா, தகாதா என்று விவாதிப்பது இன்று நமது நோக்கமன்று. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஊரைக் கூட்டி அறிவித்த அதே விஷயத்தைப் பற்றி, அதற்குப் பின்வரும் ஆண்டுகளில் பெற்ற தாயும் வாய் திறந்து விசாரிப்பதில்லையே, அது ஏன்? முதல் மாதம் விழாவாகிறது. அடுத்து வரும் மாதங்கள் இரகசியமாகின்றன. அந்த மௌனத்தின் நிழலில் ஒரு பிணி நமது பெண்களிடையே குடிகொண்டிருக்கிறது. அதனைக் குறித்தே இன்று எழுதுகிறோம்.

வைத்தியர்கள் இதனைப் 'பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்' என்றும், சுருக்கமாகப் பி.ஸி.ஓ.எஸ். என்றும் அழைக்கிறார்கள். நமது ஜனங்கள் 'நீர்க்கட்டி' என்கிறார்கள். 1935-ம் வருஷத்தில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து டாக்டர்களான ஸ்டீன், லெவந்தால் என்ற இருவர் ஏழு பெண்களின் நிலையை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து இதன் தற்கால வரலாறு தொடங்குகிறது. அன்று அபூர்வமெனத் தோன்றியது இன்று அபூர்வமன்று. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கலாமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. அவ்வாறு பீடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரையில் தமக்கு இப்பிணி உண்டென்பதையே அறியார் என்றும் அந்த ஸ்தாபனம் கூறுகிறது. நமது நாட்டில் பல மாநிலங்களில் நடத்தப்பெற்று 2024-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியில், கண்டிப்பான அளவுகோலால் கணித்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 7 பெண்களுக்கும், விரிந்த அளவுகோலால் கணித்தபோது ஏறத்தாழ 20 பெண்களுக்கும் இது இருப்பது தெரிந்தது. குறைந்த கணக்கையே கொண்டாலும், ஐம்பது பெண்கள் பயிலும் ஒரு கல்லூரி வகுப்பில் மூவருக்கோ நால்வருக்கோ இது இருக்கக்கூடும். அவர்கள் நமது வீட்டுப் பெண்களே.

'நீர்க்கட்டி' என்ற பெயர் வீண் அச்சத்தை விளைவிக்கிறது. இவை கத்தியால் அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல; முழுவதும் முதிராமல் பாதியில் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகளே. பிணியின் வேர் சினைப்பையில் மட்டும் இல்லை. நாம் உண்ணும் உணவின் சர்க்கரையைத் தேகம் ஏற்றுக்கொள்வதற்கு இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். சிலருடைய தேகம் அச்சுரப்புக்கு எளிதில் இணங்குவதில்லை. அதனை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, ஆண்களிடம் மிகுந்தும் பெண்களிடம் சிறிதளவும் இருக்க வேண்டிய சுரப்பு அங்கே அளவுக்கு மேல் உண்டாகிறது. அதன் பயனாக முட்டை முதிர்ந்து வெளிப்படுவது தடைப்படுகிறது, மாதவிடாய் தவறுகிறது. பரம்பரையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. இது எந்தப் பெண்ணும் தானே தேடிக்கொண்ட வினையன்று என்பதை முதலில் நாம் உணர்தல் வேண்டும்.

போத்தனூர் 1862-ம் வருஷத்திலேயே ரயில் கண்ட ஊர். சிக்னல் கருவிகளுக்கான ரயில்வே தொழிற்சாலையும் இங்கே உண்டு. சிவப்பு விளக்கைக் கண்டும் வண்டியைச் செலுத்துகிறவனை இவ்வூரார் மன்னிக்கமாட்டார்கள். ஆனால் தேகம் காட்டும் அறிகுறிகளை மட்டும் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்கிறோம். அவ்வறிகுறிகள் எவை என்பதை ஒளிவின்றிக் கூறுவது நமது கடமை.

பருவமெய்திய முதல் வருஷத்தில் மாதக் கணக்கு முன்பின்னாக இருப்பது இயல்பு. அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன்பின் மூன்றாம் வருஷம் முடியும் வரையில் 21 நாட்களுக்கும் 45 நாட்களுக்கும் இடையிலும், பின்னர் 21 நாட்களுக்கும் 35 நாட்களுக்கும் இடையிலும் மாதவிடாய் வருதல் வேண்டும். முதல் வருஷம் கழிந்தபின் எப்பொழுதேனும் 90 நாட்களுக்கு மேல் வராதிருந்தாலும், மூன்று வருஷங்களுக்குப் பின்னரும் ஆண்டொன்றுக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்தாலும், 15 வயதாகியும் பருவமெய்தாதிருந்தாலும் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். மேலுதட்டிலும் மோவாயிலும் மார்பிலும் அடிவயிற்றிலும் கருத்துத் தடித்த ரோமம் வளர்தல், எளிதில் ஆறாத முகப்பரு, உச்சந்தலையில் முடி அருகுதல் ஆகியவை மற்ற அறிகுறிகள். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கருத்து, பட்டுத் துணிபோல் தடித்துக் காண்பதும் உண்டு. அதனை அழுக்கென்று எண்ணிக் கடலைமாவும் பீர்க்கங்காய் நாரும் கொண்டு மகளின் கழுத்தைத் தோல் சிவக்கத் தேய்க்கும் தாய்மார்கள் பலர். அது அழுக்கன்று, இன்சுலினுக்குத் தேகம் இணங்கவில்லை என்பதன் அடையாளம். பருத்த தேகமுடையவர்களுக்கே இப்பிணி வரும் என்பதும் பிழை. மெலிந்த பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களே பெரும்பாலும் கவனிப்பாரின்றி விடப்படுகிறார்கள்.

நோயை நிர்ணயிப்பதற்கும் ஒரு முறை உண்டு. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் சுரப்பு மிகுதியின் அடையாளம், ஸ்கேனில் தெரியும் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருந்தாலே இப்பிணி எனக் கொள்ள வேண்டுமென்று 2003-ம் வருஷத்தில் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் முடிவு செய்தனர். மூன்றாவதற்குப் பதிலாக ஓர் இரத்தப் பரிசோதனையையும் கொள்ளலாமென்று 2023-ம் வருஷத்து சர்வதேச வழிகாட்டி கூறுகிறது. இளம்பெண்கள் விஷயத்தில் அவ்வழிகாட்டி எச்சரிக்கையோடு பேசுகிறது. பருவமெய்திய எட்டு வருஷங்களுக்குள் ஸ்கேனை ஆதாரமாகக் கொள்ளலாகாது. அவ்வயதில் பலருக்கும் சினைப்பை அவ்வாறே தோன்றும். அவர்களிடம் முதலிரண்டு அடையாளங்களும் சேர்ந்திருத்தல் வேண்டும். தைராய்டுக் கோளாறு முதலிய வேறு காரணங்கள் இல்லையென்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே, பதினாறு வயதுச் சிறுமியின் ஸ்கேன் சீட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே கண்ணீர் விடுவதும் அறிவுடைமையாகாது.

இனி, மௌனத்திற்கு நாம் செலுத்தும் விலையைப் பார்ப்போம். பதினேழு வயதில் மாதம் தவறுகிறது என்று மகள் தயங்கிச் சொன்னால், 'கலியாணமானால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற விடை கிடைக்கிறது. வெளியில் தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சமே அவ்விடையின் உட்பொருள். கலியாணமும் ஆகிறது. இரண்டொரு வருஷம் குழந்தையில்லாமற்போனதும், கோவை நகரத்துக் கருத்தரிப்பு வைத்தியசாலையின் வாசலில், முதன்முறையாக அப்பெண் தன் நோயின் பெயரைக் கேட்கிறாள். பத்து வருஷம் கடந்துவிட்டது! தாய் வீட்டில் சொல்லாத நோய்க்குப் புகுந்த வீட்டில் பழி சுமத்தப்படுகிறது. இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்? குழந்தைப் பேறு ஒன்றே இப்பிணியால் பாதிக்கப்படுவது என்றும் எண்ணலாகாது. நீரிழிவும், கர்ப்ப காலத்து நீரிழிவும் இவர்களுக்கு மிகுதியாக வரக்கூடும். மாதக்கணக்கில் விலக்காகாமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் தோன்றுவதற்கும் இடமுண்டு. மனச் சோர்வும் கலக்கமும் இவர்களிடையே அதிகம். கலியாணமாகாத பெண்ணுக்கும், பிள்ளை வேண்டாமென்றிருக்கும் பெண்ணுக்கும் இவையெல்லாம் பொருந்தும்.

வேலை செய்யும் பெண்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. கோவையும் திருப்பூரும் திண்டுக்கல்லும் பஞ்சாலைகளாலும் ஆடைத் தொழிலாலும் வாழ்கின்றன. அத்தொழில் இளம்பெண்களின் கைகளால் நடைபெறுகிறது. 2019-ம் வருஷத்தில் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தார் நமது மாநிலத்து ஆடைத் தொழிலில் ஈடுபட்ட ஏறத்தாழ நூறு பெண்களை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். மாதவிடாய் வலிக்கென்று பெயர்ச்சீட்டும் இல்லாத மாத்திரைகள் வேலையிடத்தில் தங்களுக்குக் கொடுக்கப்பட்டன என்று அவர்கள் அனைவரும் கூறினர். அதனால் உடல்நலம் கெட்டதென்று பாதிக்கு மேற்பட்டோர் கூறினர். பி.ஸி.ஓ.எஸ். அம்மாத்திரைகளால் உண்டாயிற்று என்று நாம் கூறவில்லை. ஆனால், வலியை அடக்கி இயந்திரத்தின் முன் நிறுத்துவதே நோக்கமாக உள்ள இடத்தில், மாதம் ஏன் தவறுகிறது என்று யார் விசாரிக்கப் போகிறார்கள்? விடுதியில் தங்கி இரவும் பகலும் மாறிமாறி வேலை செய்யும் பெண்ணுக்குத் தன் தேகத்தைப் பற்றிப் பேச ஆளுமில்லை; வைத்தியரிடம் செல்ல நேரமுமில்லை.

மௌனம் நிலவும் இடத்தில் போலிகள் கடை விரிப்பது வழக்கம். 'நீர்க்கட்டி பத்தே நாளில் கரையும்' என்று கைபேசியில் கூவுவோர் எத்தனை பேர்! கழற்சிக்காய்ப் பொடி முதல் பெயர் தெரியாத லேகியம் வரை விற்பனையாகின்றன. நமது நாட்டு மூலிகைகளிடம் நமக்கு மதிப்புண்டு. ஆனால் மதிப்பு வேறு, சோதித்தறிந்த சான்று வேறு. இப்பிணியை அடியோடு நீக்கும் மருந்து எந்த முறையிலும் இதுவரை இல்லை. ஆயின் இதனை அடக்கி ஆளும் வழிகள் உண்டு என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் நற்செய்தி.

அவற்றுள் முதன்மையானவை உணவும் உழைப்பும் உறக்கமும். தேக எடை மிகுந்தவர்கள் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதக் கணக்கு சீர்ப்படுகிறது. பட்டினி கிடப்பது வழியன்று. தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பும் பயறும் காய்கறியும் கூட்டுதல், பேக்கரியின் பன்னையும் சர்க்கரை மிகுந்த தேநீரையும் சுருக்குதல், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் ஆகியவை ஏழைக்கும் இயலும். மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும் ரோமத்தையும் பருவையும் தணிக்கவும் டாக்டர்கள் கருத்தடை மாத்திரையைக் கொடுப்பதுண்டு. 'கலியாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?' என்று பெற்றோர் பதறுகிறார்கள். இங்கே அது சுரப்பைச் சீராக்கும் மருந்து. அதில் மானக்குறைவு ஏதுமில்லை. இன்சுலினின் வேலையை எளிதாக்க மெட்பார்மின் உதவுகிறது. குழந்தை வேண்டுவோருக்கு முட்டையை முதிரச் செய்யும் லெட்ரோஸோல் முதலிய மருந்துகள் உண்டு; இப்பிணியுடைய பெண்களில் பலர் தாய்மார்களாகவே வாழ்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் டாக்டரின் ஆலோசனையின்மேல் கொள்ளத்தக்கவை; மருந்துக்கடைக்காரரைக் கேட்டு வாங்கி விழுங்கத்தக்கவை அல்ல.

மருந்தினும் முந்தியது வீட்டாரின் நாக்கு. 'என்ன இப்படிப் பெருத்துவிட்டாய்', 'மீசை முளைத்திருக்கிறதே' என்று விருந்தினரெதிரில் நகைக்கும் உறவினர்கள், ஒரு பெண்ணை வைத்தியரிடமிருந்து வெகுதூரம் விரட்டிவிடுகிறார்கள். வெட்கத்தால் கண்ணாடியை விலக்கியவள் நோயையும் விலக்கி ஒளிப்பாள். அவளை அருகில் அமர்த்தி, 'போன மாதம் எந்தத் தேதியில் வந்தது?' என்று கேட்கும் தாயே அவளுக்கு முதல் வைத்தியர். காலண்டரில் ஒரு புள்ளி வைப்பதற்குப் பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை வீடு தேடிச் செல்லும் வழியை நாட்டிற்குக் காட்டியது. நீரிழிவு வந்தபின் வீடு தேடிச் செல்வது நல்லது. வருவதற்கு இருபது வருஷம் முன்னரே அதன் அறிகுறியைக் கண்டு தடுப்பது அதனினும் நல்லதன்றோ? கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளிக்கூட ஆசிரியைகள், ஆலை விடுதிக் காப்பாளர்கள் ஆகியோருக்கு மேற்கூறிய அறிகுறிகளைக் கற்பிக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு மாணவியிடமும் தொழிலாளியிடமும் மாதக் கணக்கைத் தனியே, மரியாதையாக விசாரிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கோவை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இளம்பெண்கள் கூச்சமின்றி வருவதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். ஆலை முதலாளிகள், பெயர்ச்சீட்டில்லாத மாத்திரைக்குப் பதிலாக ஒரு பெண் டாக்டரை வரவழைக்க வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

பெண்ணின் பருவத்தைக் குலத்தின் பெருமையாகக் கொண்டாடும் கொங்கு மக்கள், அவளுடைய ஆரோக்கியத்தையும் அப்பெருமையின் பகுதியாகக் கொள்ள வேண்டுமென்பதே நமது வேண்டுகோள். சீர் கொண்டுவரும் தாய்மாமன் தட்டுகளோடு ஒரு நாட்காட்டியையும் கொண்டுவரட்டும். அதில் முதற் புள்ளியைத் தாயும் மகளும் சேர்ந்து வைக்கட்டும்.