கைப்பழக்கமும் லேகிய வியாபாரமும்

கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், புத்தி மழுங்கும், ஒரு துளி இந்திரியம் நாற்பது துளி இரத்தம் என்றெல்லாம் வாலிபர்களைப் பயமுறுத்தி, லாட்ஜுகளில் முகாம் போட்டு லேகியம் விற்கின்றார்கள். 1760-ல் டிஸ்ஸோ என்னும் சுவிஸ் வைத்தியர் இதே பயத்தைப் புத்தகமாக்கினார். ஆனால் இந்திரியம் பெரும்பாலும் நீரே. அதிலுள்ள உயிரணுக்கள் தினமும் புதிதாய் உண்டாகின்றன. அமெரிக்க ஆண்களில் 100-க்கு 92 பேர் இதைச் செய்தவர்களென்று 1948-ல் கின்சி எழுதினார். அத்தனை பேரும் பைத்தியமாய்ப் போனார்களா?

உடலுக்கோ மூளைக்கோ இதனால் கெடுதி இல்லையென்பதே இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் முடிவு. வாலிபனைக் கெடுப்பது பழக்கமல்ல, பாவமென்ற பயமேயாகும். இத்தகைய மருந்து விளம்பரங்களை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தும் வியாபாரம் நின்றபாடில்லை. ஏன்? வீட்டில் வாய் திறக்க வெட்கம்! தோழர்களே! பிள்ளைகளுக்கு நீங்கள் உண்மையைச் சொல்லாவிட்டால், லேகியக்காரன் பொய்யைச் சொல்லிக் காசையும் பறிப்பான்.